பாதியில் விட்டுப்போன அணி கைக்கு வந்திருக்கு – சிமுலேஷன் ஐஸ் ஹாக்கி லீக்கில் முதல்ல எதைத் தொடணும்?

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி)

வணக்கம். எஸ்டிஹெச்எஸ் மென்பொருள்ல (நாம அணியை அமைச்சுக் கொடுத்தா ஆட்டத்தைக் கணினியே ஆடிடும்) ஓடுற 32 அணி லீக் ஒண்ணுல, பழைய ஜிஎம் (அணி மேலாளர்) விட்டுட்டுப் போன அணி எனக்கு ஒதுக்கியிருக்காங்க. நம்ம ஊர் புல்தரை ஹாக்கி நல்லாத் தெரியும். ஐஸ் ஹாக்கியும் பார்த்துப் பழக்கம்தான். இந்த சிமுலேஷன் லீக் மட்டும் புதுசு. சீசன் அக்டோபர் முதல் வாரம் தொடங்குது. இப்போதைய நிலவரம்:

சம்பள உச்சவரம்பு 88 மில்லியன் டாலர். அணியோட மொத்தச் சம்பளம் 91.2. சீசன் தொடங்குறதுக்குள்ள கீழ கொண்டுவரணும்.

34 வயசுல ஒரு டிஃபென்ஸ்மேன் இருக்கார். வருஷத்துக்கு 8.5 மில்லியன், இன்னும் 4 வருஷம் ஒப்பந்தம். ஓவரால் (மொத்தத் தர எண்) 74.

கோலி (கோல்கீப்பர்) மூணு பேர், சம்பளம் 5, 2.4, 2.1. மொத்தம் 23 பேர் பட்டியல்ல இருக்காங்க. நாலாவது லைன் (ஒண்ணா இறங்குற மூணு ஃபார்வர்ட் குழு) விங்கர் ஒருத்தருக்கு 1.9 போகுது.

அடுத்த டிராஃப்டுக்கான (இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கிறது) முதல் சுற்றுத் தேர்வை பழைய ஜிஎம் வித்துட்டார்.

சிம் (கணினி ஆட்டத்தை ஓட்டுறது) தினமும் அமெரிக்க ஈஸ்டர்ன் நேரம் இரவு 10 மணிக்கு. லீக் விதிகள் பெரும்பாலும் என்ஹெச்எல் (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) விதிகள்தான்னு கமிஷனர் சொல்றார்.

கேள்வி மூணு. எல்லாரையும் வித்துட்டு அடியிலேர்ந்து கட்டணுமா? லைன் போடும்போது அந்த மூணு கட்டம் (ஃபிசிக்கல், டிஃபென்ஸ், அஃபென்ஸ்) எப்படி நிரப்பணும்? ஓவரால் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

---

குடந்தை_கேப் (கும்பகோணம்)

முதலில் சம்பளக் கணக்கை முடியுங்கள். வரம்புக்கு மேல் இருக்கும் அணிக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. எதிரில் இருப்பவர் உங்கள் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவார்.

உங்களிடம் இருக்கும் வழிகள் நான்கு. ஒவ்வொன்றும் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று பாருங்கள்.

ஃபார்ம் அணிக்கு (கீழ்மட்டத் துணை அணி) அனுப்புவது: என்ஹெச்எல் விதிப்படி ஒருவரைக் கீழே அனுப்பினால் முழுச் சம்பளமும் கணக்கிலிருந்து போகாது. குறைந்தபட்சச் சம்பளத்தோடு 3,75,000 டாலர் சேர்த்து வரும் தொகைதான் கழியும். வரம்பு 88 மில்லியனாக இருந்த 2024-25 சீசனில் குறைந்தபட்சம் 7,75,000. ஆகவே கழிவு 1.15 மில்லியன். 8.5 மில்லியன் ஆளைக் கீழே அனுப்பினால் 7.35 உங்கள் தலையிலேயே இருக்கும். புதிதாக வருபவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

பைஅவுட், அதாவது மீதிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிப்பது: ஜூன் 30-ஆம் தேதியோடு அந்த வாசல் மூடிவிடும். இப்போது முடியாது. ஆனால் அடுத்த ஜூனுக்காகக் கணக்கை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். 26 வயதுக்கு மேற்பட்டவருக்கு மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மீதி வருடங்களைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பரப்பப்படும். உங்கள் ஆளுக்கு அப்போது 3 வருடம் மீதி: 25.5 மில்லியன். அதில் மூன்றில் இரண்டு 17. ஆறு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 2.83. சம்பளம் வருடா வருடம் சமமாக இருக்கும் ஒப்பந்தத்தில் இது எப்போதும் ஒரு வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஏணி மாதிரி ஏறி இறங்கும் ஒப்பந்தம் என்றால் வருடம் வருடமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு 35 ஆகியிருந்தால் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. பட்டியலில் கையெழுத்திட்ட தேதியையும் பாருங்கள்.

ரிட்டென்ஷன், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதியை நாமே சுமந்துகொண்டு ஆளை விற்பது: அதிகபட்சம் 50 சதவீதம். ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் சுமக்க முடியாது. 30 சதவீதம் சுமந்தால் 2.55 உங்களிடம் தங்கும், 5.95 விடுபடும். மேலே சொன்ன பைஅவுட்டோடு ஒப்பிடுங்கள்: மூன்றில் ஒரு பங்குக்குள் ரிட்டென்ஷன் பேசி முடிந்தால், ஏறக்குறைய அதே வருடச் சுமைதான், ஆனால் ஆறு வருடத்துக்குப் பதில் நான்கு வருடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பேரத்தில் உங்கள் கடைசிப் படி 33 சதவீதம். அதற்கு மேல் கேட்டால் அடுத்த ஜூன் வரை காத்திருக்கலாமா என்று யோசியுங்கள்.

நான்காவது, சாதாரண விற்பனை. 2.4 மில்லியன் கோலியைக் கடைசிச் சுற்றுத் தேர்வுக்குக் கொடுத்தால் மொத்தம் 88.8. அந்த 1.9 விங்கரைக் கீழே அனுப்பினால் 1.15 கழிந்து 87.65. பட்டியலில் 21 பேர். சட்டப்படி சரி. ஆனால் மிச்சம் 0.35 மட்டுமே. ஒரு காயம் வந்தால் 0.775 சம்பளத்தில் ஓர் ஆளைக்கூட மேலே கூப்பிட முடியாது. எனவே இது சீசன் தொடங்கும் நாளைத் தாண்டுவதற்கான வழி மட்டுமே. டிஃபென்ஸ்மேன் விற்பனை நடந்தாக வேண்டும்.

இத்தனையும் என்ஹெச்எல் விதி. "பெரும்பாலும்" என்று கமிஷனர் சொன்னாரே, அந்தச் சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. சில லீக்குகளில் ஃபார்முக்கு அனுப்பினால் முழுச் சம்பளமும் கழியும். சிலவற்றில் ரிட்டென்ஷனே கிடையாது. விதிப்புத்தகத்தில் இந்த இரண்டு பத்திகளையும் படித்துவிட்டு என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

---

கொள்ளிடம்காரன் (மயிலாடுதுறை)

லைன் பத்தி நான் சொல்றேன் தம்பி.

முதல்ல புல்தரை ஹாக்கி கணக்கைக் கழட்டி வைங்க. அங்க 11 பேர், 15 நிமிஷம் நாலு கால்பகுதி, பச்சை அட்டைன்னா 2 நிமிஷம் வெளிய உட்காரணும், அந்த நேரத்துல கோல் விழுந்தாலும் முழுசா உட்காரணும். இங்க கோலியோட சேர்த்து ஆறு பேர், 20 நிமிஷம் மூணு பீரியட், மைனர் பெனால்டியில (2 நிமிஷம் வெளிய உட்கார்றது) எதிரணி கோல் போட்டுட்டா உட்கார்ந்தவர் உடனே எழுந்து வந்துடலாம். அதனால ஒரு மைனரோட விலை என்னன்னு கணக்குப் போட முடியும்: பவர்ப்ளே (எதிரணியில ஆள் குறைஞ்சிருக்கிற நேரம்) சராசரியா அஞ்சுல ஒண்ணு கோலாகுது. அப்ப கூடுதலா அஞ்சு மைனர் வாங்குற ஆள் அணிக்கு ஒரு கோல் நஷ்டம். டிசிப்ளின் எண் குறைஞ்ச முரட்டு ஆளை மூணாவது லைன்ல வச்சு ஃபிசிக்கலை ஏத்தி விட்டீங்கன்னா சீசன் முடியும்போது அது எத்தனை கோல்னு நீங்களே பாருங்க. சண்டை போட்டு ரெண்டு பக்கமும் அஞ்சு நிமிஷம் போறது வேற, அதுல பவர்ப்ளே கிடையாது. பயப்பட வேண்டியது தனியா வாங்குற மைனருக்குத்தான்.

அந்த மூணு கட்டம்: ஒரு லைனுக்கு மொத்தம் 5 புள்ளி. அதை ஃபிசிக்கல், டிஃபென்ஸ், அஃபென்ஸ் மூணுக்கும் பிரிக்கணும். தானா நிரப்ப விட்டா 1-2-2 மாதிரி வந்து நிக்கும். ஆரம்பத்துக்கு முதல் லைன் 0-2-3, ரெண்டாவது 0-2-3 இல்லைன்னா 1-2-2, மூணாவது 1-3-1, நாலாவது 1-4-0 வச்சுப் பாருங்க. பவர்ப்ளேக்கு 0-1-4 வரை போகலாம். பெனால்டி கில்லுக்கு (நம்ம பக்கம் ஆள் குறைஞ்சு தடுத்து ஆடுற நேரம்) 0-5-0 இல்லைன்னா 1-4-0. நிறையப் பேர் முதல் லைன்ல 0-0-5 போடுறாங்க. எதிரணியோட நல்ல லைன் எதிர்ல வர்றப்ப வாங்கிக் கட்டிக்கிட்டு வரும்.

நேரப் பங்கீடு இதைவிட முக்கியம். நாலு ஃபார்வர்ட் லைனுக்கும் சேர்த்து 100 சதவீதம். 40-30-20-10 வழக்கம். முதல் லைன் ஆளுங்க பவர்ப்ளே, பெனால்டி கில் ரெண்டுலயும் இருந்தா அந்த 40-ஐ அப்படியே விடாதீங்க. எண்டூரன்ஸ் எண் 60-களில் இருக்கிற ஆளை மூணு இடத்துலயும் போட்டா கண்டிஷன் இறங்கிக்கிட்டே வரும், ஜனவரியில நொண்ட ஆரம்பிச்சுடுவார். 35-30-21-14 மாதிரி தளர்த்துங்க. பெனால்டி கில்லுக்கு மூணாவது லைன் ஆளுங்க போதும். அதுக்கு வேண்டியது டிஃபென்ஸ் எண், ஸ்கேட்டிங், ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டதும் ரெண்டு சென்டரும் அதுக்கு மோதுறது). ஸ்கோரிங் எண் அங்க வீண்.

சென்டர் இடத்துல சென்டரை மட்டும் போடுங்க. விங்கரைத் தூக்கி நடுவுல வச்சா ஃபேஸ்ஆஃப்ல அடி வாங்கும், லீக் அமைப்பைப் பொறுத்து இடம் மாறினதுக்குத் தண்டனையும் விழும். டிஃபென்ஸ் ஜோடியில பாஸ் நல்லா வர்ற ஒருத்தர், டிஃபென்ஸ் எண் கூடுன ஒருத்தர்னு சேர்த்துப் போடுங்க. ரெண்டு பேருமே தாக்குற ஆளா இருந்தா எண்ணைப் பார்க்க அழகா இருக்கும், கோல் வாங்குற பட்டியலைப் பார்த்தாத் தெரியும்.

கடைசி நிமிஷ லைன், கூடுதல் ஃபார்வர்ட், நாலுக்கு நாலு, பெனால்டி ஷாட் வரிசை எல்லாத்தையும் கையால நிரப்புங்க. ஷாட் வரிசையில ஓவரால் பெரிய ஆளுன்னு டிஃபென்ஸ்மேன் வந்து உட்கார்ந்திருப்பார். அதுக்குன்னு தனியா பெனால்டி ஷாட் எண் இருக்கு, அதைப் பார்த்துப் போடணும். ஃபார்ம் அணிக்கும் இதெல்லாம் உண்டு, மறந்துடாதீங்க.

---

நாகை_நெட் (நாகப்பட்டினம்)

லைன் போடுறதைவிட லைன் போய்ச் சேர்றதுதான் நம்ம பக்கம் தலைவலி. சுருக்கமா.

ஈஸ்டர்ன் இரவு 10 மணின்னா நமக்கு மறுநாள் காலை 7:30. அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பி வைப்பாங்க, அதுலேர்ந்து 8:30. மார்ச் ரெண்டாவது ஞாயிறுலேர்ந்து திரும்ப 7:30. மார்ச்சில அந்த மாறுதலைக் கவனிக்காம எட்டு மணிக்கு ஏத்துனா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு போயிருக்கும்.

டிரேட் கெடு வழக்கமா மார்ச் முதல் வாரம் பிற்பகல் 3 மணி ஈஸ்டர்ன். கடிகாரம் மாறுறதுக்கு முன்னாடி வந்தா நமக்கு நள்ளிரவு தாண்டி 1:30. தேதியே மாறிடும். ஜூலை 1 ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்களை எடுக்கத் தொடங்குற நாள்) அங்க மதியம் 12, இங்க இரவு 9:30, அது வசதி.

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம்னா காலை 9 மணிக்குத் தொடங்கி சாயங்காலம் வரை போகும். சிம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், ஆனா முடிவைப் பார்த்து அடுத்த லைன் போடுற நேரம் போயிடும். ஐப்பசி, கார்த்திகை இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 கஜா கரையைக் கடந்தப்ப இந்தப் பக்கம் எத்தனை ஊர்ல எத்தனை நாள் கரண்ட் இல்லாமக் கிடந்துச்சுன்னு சொல்லத் தேவையில்லை. சீசனோட முதல் ரெண்டு மாசமும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணாத்தான் வரும். அதனால முதல் நாள் ராத்திரியே ஏத்திடுங்க. புயல் எச்சரிக்கை வந்தா கமிஷனருக்கு ஒரு வரி எழுதிப் போட்டு, இத்தனை நாள் வரமாட்டேன், காயம் வந்தா இன்னாரை மேல கூப்பிடுங்கன்னு சொல்லி வைங்க. சொல்லாம காணாமப் போற ஜிஎம்மைத்தான் லீக்கை விட்டுத் தூக்குவாங்க.

ஏத்தும்போது நடக்கிற தப்பு ஒண்ணு: டிரேட் முடிஞ்சதும் பழைய லீக் கோப்பை வச்சே லைன் போட்டு அனுப்புறது. வித்துட்ட ஆளு லைன்ல இருப்பார், வந்த ஆளு இருக்க மாட்டார். லைன் செல்லாது, மென்பொருள் தானா ஒண்ணு போட்டு ஆடிடும். எந்த டிரேடுக்குப் பிறகும் புதுக் கோப்பை இறக்கிட்டுத்தான் லைனைத் திறக்கணும். ஏத்துன பிறகு லீக் தளத்துல அணியோட லைன் பக்கம் மாறியிருக்கான்னு பாருங்க. ஏறிடுச்சுன்னு செய்தி வந்துட்டா போதும்னு விட்டுடாதீங்க.

---

அரசலாறு

மேலே மூவரும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் லைனில் கிடைப்பது சில்லறை. ஆளில் கிடைப்பதுதான் பெரிய லாபம். அதற்கு இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டும்.

ஓவரால் என்பது தனித்தனி எண்களை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து வரும் கூட்டு. ஆட்டத்தை ஓட்டுவது அந்தத் தனித்தனி எண்கள். 72 ஓவரால் உள்ள இரண்டு விங்கர்களில் ஒருவருக்கு ஸ்கோரிங் 78, இன்னொருவருக்கு ஸ்கோரிங் 64, செக்கிங்கும் ஸ்ட்ரெங்த்தும் 80-க்கு மேல் இருக்கலாம். இரண்டாமவரை முதல் லைனில் போட்டுவிட்டு கோல் வரவில்லை என்று புலம்புவார்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் நிறத்தைப் பார்த்தா பணம் போடுகிறார்கள்? ஈரப்பதம் 17-க்குள் இருக்கிறதா என்று கருவியில்தானே பார்க்கிறார்கள். அப்படித்தான் இதுவும். எக்ஸ்பீரியன்ஸ், லீடர்ஷிப் இரண்டும் வயதானவருக்கு ஏறிக்கொண்டே போகும். ஓவராலைத் தூக்கிக் காட்டும். உங்கள் 34 வயது 74-ஐ அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஸ்கேட்டிங்கும் டிஃபென்ஸும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவருடைய உண்மையான விலை. வாங்குபவர் ஓவராலை மட்டும் பார்ப்பவராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது ரீ-ரேட். பல லீக்குகளில் இந்த எண்கள் உண்மையான என்ஹெச்எல் சீசனின் புள்ளிவிவரத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகின்றன. ஆகவே இந்த சீசனில் உங்கள் ஆள் ஆடுவது போன சீசனின் எண்களோடு. நிஜத்தில் அவர் இப்போது எப்படி ஆடுகிறார் என்பது அடுத்த ரீ-ரேட்டில்தான் தெரியும். இந்த இடைவெளிதான் வியாபாரம்.

என்ஹெச்எல் வீரர் ஜோனதன் ஹூபர்டோ 2021-22-இல் 115 புள்ளிகள் (கோலும் அசிஸ்டும் சேர்த்து) எடுத்தார். அடுத்த சீசனில் 55. அந்த இரண்டாவது சீசன் முழுவதும் இப்படிப்பட்ட லீக்கில் அவர் 115 புள்ளிக்காரரின் எண்களோடு ஆடிக்கொண்டிருப்பார். டிசம்பரில் நிஜ ஆட்டத்தைப் பார்த்து விற்றவருக்கு முழு விலை கிடைக்கும். ரீ-ரேட் வந்த பிறகு விற்கப் போனவருக்கு ஒப்பந்தச் சுமை மட்டும் மிஞ்சும்.

மறுபக்கம் வில்லியம் கார்ல்சன். 2016-17-இல் 6 கோல். 2017-18-இல் 43. முதல் மாதத்திலேயே வாங்கியவர் அள்ளிக்கொண்டு போயிருப்பார். ஆனால் அந்த 43 கோலும் 184 ஷாட்டில் வந்தவை, 23.4 சதவீதம். அந்த அளவு ஷூட்டிங் சதவீதம் யாருக்கும் நிற்காது. அடுத்த சீசனில் 24 கோல். ஆக, வாங்க வேண்டிய நேரம் ரீ-ரேட்டுக்கு முன், விற்க வேண்டிய நேரம் ரீ-ரேட் ஆன மறுநாள். கோல் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்றால் ஷாட் எண்ணிக்கையும் ஆட்ட நேரமும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஷூட்டிங் சதவீதம் மட்டும் ஏறியிருந்தால் தள்ளிவிடுங்கள்.

கமிஷனரிடம் கேட்க வேண்டியவை: ரீ-ரேட் எந்தத் தேதியில், ஒரு சீசனை மட்டும் பார்க்கிறார்களா அல்லது மூன்று சீசன் சராசரியா, குறைந்தபட்சம் எத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். மூன்று சீசன் சராசரி என்றால் மேலே சொன்ன லாபம் வெகுவாகக் குறையும். குறைந்தபட்ச ஆட்டம் முக்கியம்: காயத்தால் பாதி சீசன் உட்கார்ந்தவருக்குப் பழைய எண்ணே தொடருமா, அல்லது தரையில் விழுமா என்பது அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, கோலி. ஒரு ஆட்டத்துக்கு 30 ஷாட், 82 ஆட்டம் என்றால் 2,460 ஷாட். சேவ் சதவீதத்தில் (வந்த ஷாட்டில் கோலி தடுத்த பங்கு) 0.900-க்கும் 0.910-க்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 25 கோல். ஆறு கோல் ஒரு வெற்றி என்று வைத்தால் நான்கு வெற்றி, எட்டுப் புள்ளி. பவர்ப்ளேயை 5 சதவீதம் உயர்த்தினால், ஆட்டத்துக்கு மூன்று வாய்ப்பு என்ற கணக்கில், 12 கோல்தான் கிடைக்கும். எனவே மூன்று கோலியில் யாரை விற்பது என்பதைச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 5 மில்லியன் கோலிக்கும் 2.1 மில்லியன் கோலிக்கும் தனி எண்களில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், விற்க வேண்டியவர் அந்த 5 மில்லியன். சம்பளப் பிரச்சினையும் அதோடு முடிந்தது.

---

குடந்தை_கேப்

அக்கா சொன்ன கடைசி வழி என் கணக்கைவிட நல்லது. 5 மில்லியன் போனால் 86.2. விங்கரைக் கீழே அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. காயத்துக்கும் 1.8 இடம் கிடைக்கிறது. இரண்டு கோலிகளின் எண்டூரன்ஸை மட்டும் பாருங்கள். 60 ஆட்டம் தாங்கும் ஆள் இருவரில் ஒருவராவது வேண்டும். அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவது கோலியைக் கையாலேயே முதலில் போட்டு அனுப்புங்கள்.

---

வெண்ணாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. கோலி மூணு பேரோட எண்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். 5 மில்லியன் ஆளுக்கு எக்ஸ்பீரியன்ஸும் லீடர்ஷிப்பும்தான் கூட. அஜிலிட்டி, ரீபவுண்ட், ரியாக்‌ஷன் டைம் மூணுலயும் 2.1 ஆளோட ஒண்ணு ரெண்டு எண்தான் வித்தியாசம். எண்டூரன்ஸ் சின்னவருக்கே அதிகம்.

அப்ப பாக்கி ரெண்டு. ஒண்ணு, அடியிலேர்ந்து கட்டுறதா வேண்டாமா? ரெண்டாவது, கோலியை வாங்க ஆள் வரலைன்னா வெய்வர்ல (வேற எந்த அணியும் சும்மாவே எடுத்துக்கலாம்னு விடுறது) போடலாமா?

---

கொள்ளிடம்காரன்

வித்துத் தள்ளுங்கன்னுதான் நான் சொல்வேன். 32 அணியில நடுவுல நிக்கிறது மாதிரி வீண் எதுவும் இல்லை. 28 வயசுக்கு மேல இருக்கிற எல்லாரையும் கெடுவுக்குள்ள கொடுத்து தேர்வுகளா மாத்துங்க. ஃபார்வர்ட் உச்சத்துல இருக்கிறது 24லேர்ந்து 28க்குள்ளதான், அதுக்கப்புறம் இறக்கம்.

---

அரசலாறு

இதில் உடன்பாடில்லை அண்ணே. முதல் சுற்றுத் தேர்வு இவரிடம் இல்லை. கடைசி இடத்துக்குப் போனால் டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும், ஆனால் அதன் பலன் தேர்வை வாங்கி வைத்திருக்கும் அணிக்குத்தான். தோற்பதற்குக் கூலியே கிடையாது. அதைத் திரும்ப வாங்க முடிந்தால் பேச்சு வேறு.

இரண்டாவது, சிமுலேஷனில் தேர்வின் மதிப்பு நிஜத்தைவிடக் குறைவு. 18 வயதில் எடுத்த பையனுக்கு என்ஹெச்எல்லில் ஆடும் வரை உருப்படியான எண் வராது. இரண்டாவது சுற்றுக்காரர் என்றால் மூன்று நான்கு வருடம் ஆகும், அதிலும் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். அதற்குள் லீக்கில் எத்தனை ஜிஎம் மாறியிருப்பார்கள்? 20லிருந்து 23 வயதுக்குள், நிஜத்தில் ஏற்கெனவே மூன்றாவது லைனில் ஆடிக்கொண்டிருப்பவர்களை வாங்குங்கள். ஆட்ட நேரம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்று பார்த்தால் அடுத்த ரீ-ரேட் முன்கூட்டியே தெரியும்.

அந்த 34 வயதுக்காரரை மட்டும் உடனே. அடுத்த ரீ-ரேட்டில் 74 நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

---

கொள்ளிடம்காரன்

தேர்வு கையில இல்லைங்கிறதை நான் விட்டுட்டேன். அப்ப நீங்க சொல்றதுதான். ஆனா தம்பி, இன்னொண்ணு: முதல் பத்து ஆட்டத்துல நாலுல ஜெயிச்சு ஆறுல தோத்தா உடனே எல்லாத்தையும் கலைச்சுடாதீங்க. ஆட்டத்துக்கு 55 சதவீதம் ஜெயிக்கக்கூடிய நல்ல அணியே பத்துல நாலோ அதுக்குக் கீழயோ நிக்கிறது நாலு தடவையில ஒரு தடவை நடக்கும். வெற்றியைப் பார்க்காதீங்க, ஷாட் வித்தியாசத்தைப் பாருங்க. ஷாட்ல முன்னாடி நின்னு, ஷூட்டிங் சதவீதமும் சேவ் சதவீதமும் கூட்டுனா 100-க்குக் கீழ 97, 98-னு வருதுன்னா லைனைத் தொடாம விடுங்க, தானா ஏறும். ஷாட்லயே பின்னாடின்னா அப்ப கை வைக்கலாம். கை வச்சா ஒரு நேரத்துல ஒரே மாற்றம், அதையும் 15 ஆட்டமாவது ஓட விட்டுப் பாருங்க. நாலு லைனையும் ஒரே ராத்திரியில மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு கடைசிவரைக்கும் தெரியாது.

---

நாகை_நெட்

வெய்வர் கேள்விக்கு: 5 மில்லியன் கோலியை யாரும் எடுக்கலைன்னா 1.15 தான் கழியும், 3.85 உங்க தலையில. மொத்தம் 90.05, இன்னும் வரம்புக்கு மேல. அதனால அது கடைசி வழி.

முதல்ல டிரேட். லீக் பட்டியலைத் திறந்து கோலி எண் குறைஞ்ச அணி, சம்பள இடம் 5-க்கு மேல இருக்கிற அணி, ரெண்டுலயும் வர்ற பேரைக் குறிச்சுக்குங்க. அஞ்சாறு அணிதான் தேறும். எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பாதீங்க, ஜிஎம்முங்க தங்களுக்குள்ள பேசிப்பாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க பட்டியல்ல உங்களுக்கு வேண்டிய ஒரு பேரைச் சொல்லிக் கேளுங்க. "என்ன தருவீங்க"ன்னு பொதுவா கேட்டா பதிலே வராது. நம்ம காலை 6 மணிக்குள்ள எழுதினா அங்க முன்னிரவு, ஆளு முழிச்சிருப்பார்.

ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதும் லீக் பக்கத்துல ரெண்டு பேரும் உறுதி பண்ணணும், அதுக்கப்புறம் கமிட்டி பார்க்கும். இதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்கும். சீசன் தொடங்குறதுக்கு முதல் நாள் வச்சுக்கிட்டா வரம்புக்கு மேல நின்னு அபராதம் கட்டுவீங்க. மூணு நாள் முன்னாடி முடிங்க.

வெய்வர்தான்னு ஆயிட்டா, 2.4 கோலியைப் போடுங்க, அதுவும் எல்லா அணியும் பட்டியலை 23-க்குக் குறைக்கிற அந்தக் கடைசி ரெண்டு நாள்ல. எல்லார்கிட்டயும் இடம் நிரம்பியிருக்கும், எடுக்கிற கை குறைவு, ஆளு உங்ககிட்டயே தங்குவார். ஆனா இதுலயும் 1.15 தான் கழியும், விங்கரையும் கீழ அனுப்பினாக்கூட 88.9 நிக்கும், அதனால டிஃபென்ஸ்மேன் விற்பனையும் நடக்கணும். 24 மணி நேரம் தாண்டிட்டா ஃபார்முக்கு அனுப்பலாம். அங்க ஏற்கெனவே ரெண்டு கோலி இருக்காங்களான்னும் பார்த்துக்குங்க, மூணாவது ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார்.